செம்பருத்திக்கு வந்த கௌரவம்

தையல்காரியின் கடை வாசலில் இருந்த செம்பருத்தியின் இலைகளில் கறுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தபோது, அவள் செய்திருக்க வேண்டிய காரியம் மிகச் சுலபமானது. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. கெட்டுப்போன இலைகளை நறுக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். பள்ளிக்கூட வண்டி ஓட்டும் அவள் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார்.

ஆனால் அவளுக்குப் படித்தவர்கள்மேல் மரியாதை அதிகம். தெருக்கோடியில் ‘இலைப்பூஞ்சை ஆய்வு நிறுவனம்’ என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்து ஒரு பெரிய கட்டிடம் இருக்கும்போது, தானாக ஒரு இலையை வெட்டுவது அவளுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

“போய் என்ன மருந்து அடிக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்” என்றாள்.

“அங்க உள்ளே போனவங்க யாரையாவது நீ பார்த்திருக்கியா?” என்றார் வீட்டுக்காரர்.

“பார்த்திருக்கேனே. காலையில நிறைய பேர் போறாங்க.”

“ஏதாவது தெரிஞ்சுக்கிட்டு வெளியே வந்தவங்களைப் பார்த்திருக்கியா?”

அவள் ஒரு இலையைப் பறித்து, மிச்சமான லைனிங் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நிறுவனத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் இலையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“மேலேயா, கீழேயா?”

“எதுங்க?”

“புள்ளி.”

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரெண்டு பக்கமும் தெரியுதுங்க.”

எழுத்தரின் முகம் வாடிவிட்டது. “அப்படித் தெரியக் கூடாதும்மா. ஒரு பக்கம்தான் தெரியணும். மாடியில மேற்பக்கப் பிரிவு இருக்கு. கீழ்த்தளத்துல கீழ்ப்பக்கப் பிரிவு இருக்கு. ஓரப் பிரிவுன்னு ஒண்ணு நடுவுல இருக்கு, ஆனா அதுக்கு இன்னும் ஆள் போடலை. நீங்க முதல்ல மாடிக்குப் போங்க.”

மாடியில் மேற்பக்கப் பேராசிரியர் இருந்தார். தலை, மீசை, புருவம், இமை எல்லாம் வெளுத்துப்போன மனிதர். இலையை வாங்கி மேசைமேல் மல்லாக்க வைத்து, “ஆகா” என்றார். பிறகு காற்றில் இலை புரண்டது. பின்பக்கத்திலும் புள்ளி. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டாதீங்க. அது என் சகலையோட பக்கம்.”

விஷயம் இதுதான். மேற்பக்கப் பேராசிரியரும் கீழ்ப்பக்கப் பேராசிரியரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் யார் முன்வரிசையில் உட்காருவது என்று வந்த தகராறில் பேச்சு நின்றுபோனது. அதுவரை ஒரே துறையாக இருந்த இலை, அன்றிலிருந்து இரண்டு துறையாகிவிட்டது.

“கீழே போய் அவர்கிட்டச் சொல்லுங்க, பூஞ்சைன்னா மேலதான் இருக்கும்னு” என்றார் மேற்பக்கம்.

அவள் இறங்கிப் போய்ச் சொன்னாள். இமை முடிகூடக் கொட்டிப்போயிருந்த கீழ்ப்பக்கப் பேராசிரியர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “நின்னுக்கிட்டுப் பார்த்தா எல்லாம் மேலதான் தெரியும். நீங்க செடிக்கு அடியில படுத்துப் பார்த்தீங்களா?”

“எதுக்குங்க படுக்கணும்?”

“பார்த்தீங்களா, அறிவியல் முறையே நம்ம மக்களுக்குத் தெரியலை. மாடியில போய், அவரையும் படுத்துப் பார்க்கச் சொல்லுங்க.”

அவள் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். கடையில் பள்ளிச் சீருடைத் துணி மலைபோலக் குவிந்து கிடப்பது ஞாபகம் வந்தது. படிக்கட்டின் நடுவில் மூச்சு வாங்க நின்றபோது எதிரே இயக்குநர் வந்தார். அவர் எப்போதும் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் படிக்கட்டிலேயே நின்று நிர்வாகம் செய்பவர் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

“என்னம்மா கையில?”

“புள்ளி விழுந்த இலைங்க. மருந்து கேக்கலாம்னு வந்தேன்.”

“இந்தப் புள்ளியை இதுக்கு முன்னாடி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?”

“இல்லைங்க.”

இயக்குநரின் கண்கள் விரிந்தன. “நானும் பார்த்ததில்ல. ஆக, ரெண்டு பேர் பார்த்ததில்ல!”

அவர் அவ்வளவு பரபரப்பானதற்குக் காரணம் இருந்தது. வருஷ முடிவுக்குள் ஒரு புதிய பூஞ்சை இனமாவது கண்டுபிடிக்காவிட்டால், இந்த நிறுவனத்தை வேர்ப்பூஞ்சை நிறுவனத்தோடு இணைத்துவிடுவதாக மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. ‘வேர்’ என்ற சொல்லையே இயக்குநர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார், கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல.

உடனே பேராசிரியர்கள் இருவரையும் வரவழைத்து ஒப்பீட்டு அறையைத் திறந்தார்கள். உலகத்தில் இதுவரை கண்டுபிடித்த பூஞ்சை பிடித்த இலைகளையெல்லாம் உலர்த்தி, உறையில் போட்டுப் பத்திரப்படுத்தும் அறை அது. புதிதாக வருவதை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பழசா புதுசா என்று சொல்ல வேண்டும். முதல் உறையைப் பிரித்தார்கள். தூள் கொட்டியது. அடுத்ததைப் பிரித்தார்கள். அதிலும் தூள். எல்லா இலைகளையும் பூச்சி தின்று தீர்த்துவிட்டு, அடுத்த வேளைக்கு உறைகளைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

இயக்குநர் கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“இப்போ சொல்லுங்க” என்றார் இயக்குநர். “இந்த அம்மாவோட இலை இதுல எதோடயாவது ஒத்துப்போகுதா?”

“போகலை சார்” என்றார் மேற்பக்கம்.

“போகலை சார்” என்றார் கீழ்ப்பக்கம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“எதோடயும் ஒத்துப்போகலைன்னா புதுசுன்னுதானே அர்த்தம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரியும் தட்டினாள். தட்டி முடித்துவிட்டு, “அப்போ மருந்துங்க?” என்று கேட்டாள்.

பச்சைக் குழந்தையைக் கிணற்றில் போடட்டுமா என்று கேட்டதுபோல அவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவள் கடையைத் திறக்க வந்தபோது செம்பருத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் காக்கிச் சட்டைக் காவலாளி. செடியின் கழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘அபூர்வப் பூஞ்சை வாழும் இடம். தொடாதீர். தண்ணீர் ஊற்றாதீர். இயன்றவரை மூச்சை வேறு பக்கம் விடவும்.’

“தண்ணி ஊத்தலைன்னா செடி செத்துடாதா?” என்றாள்.

காவலாளி எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார். “ஊத்தினா செடி தேறிடுமாம்மா. தேறிட்டா பூஞ்சை போயிடும். ஊத்தாம விட்டா செடி செத்துடும். செத்துட்டாலும் பூஞ்சை போயிடும். அதனால சாகவும் விடாம தேறவும் விடாம பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க.”

“அது எப்படி?”

“எங்களுக்கும் அப்படித்தாம்மா சம்பளம் தர்றாங்க. பழக்கம்தான்.”

அந்தச் செடி அவளுக்குச் சாதாரணச் செடியில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டுக்காரர் யாரும் சொல்லாமல், தானாக அவளுக்கென்று வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான். அதைத் தாகத்தில் நிறுத்தி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. காவலாளி சாப்பிடப் போகும்போது துணிக்குத் தெளிக்கும் தண்ணீரைக் கைதவறிக் கொட்டுவதுபோலக் கொட்டினாள். காவலாளியும் அதைப் பார்க்காமல் இருப்பதற்கென்றே சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டார்.

ஆராய்ச்சி தொடங்கியது. மேற்பக்கப் பிரிவினர் ஏணியோடு வந்தார்கள். செடி இடுப்பளவுதான். ஆனாலும் மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது விதி என்பதால், பேராசிரியர் ஏணியின் உச்சியில் ஏறி நின்று தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். கீழ்ப்பக்கப் பிரிவினர் பாயோடு வந்தார்கள். பேராசிரியர் கடை வாசலில் மல்லாந்து படுத்துத் தலையைச் செடிக்கு அடியில் நுழைத்துக்கொண்டார்.

பெண்கள் துணி தைக்க வரும் கடை. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் மல்லாந்து கிடக்கிறார். ஏணிமேல் இன்னொருவர் தொலைநோக்கியோடு நிற்கிறார். யார் உள்ளே வருவார்கள்? வந்த பெண்கள் தெருமுனையிலேயே திரும்பிப் போனார்கள். தையல் இயந்திரத்தின் சத்தத்தில் பூஞ்சை மிரண்டுவிடும் என்று சொல்லி, சத்தமில்லாமல் தைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவள் சீருடைகளைக் கையால் தைத்தாள். காவலாளிக்கும் பொழுது போகவில்லை. பொத்தான் தைக்கட்டுமா என்று கேட்டார். அழகாகத் தைத்தார்.

வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். ஏணியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“மருந்து என்னன்னு சொன்னாங்களா?”

“சும்மா இருங்க. எனக்கு அழுகை வருது.”

அவர் படுத்திருந்த பேராசிரியரைத் தாண்டி உள்ளே போய் அவளுக்காக ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்.

அப்புறம் மழை வந்தது. யாரையும் கேட்காமல் பெய்தது. ஏணியும் பாயும் போய்விட்டன. செடி பழைய இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, பளபளவென்று புதுத் தளிர் விட்டது. ஒரு புள்ளி இல்லை.

நிறுவனத்தில் இழவு விழுந்ததுபோல ஆனது. அவளைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார்கள்.

“செடி குணமாகுறப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?” என்றார் இயக்குநர்.

“உள்ளே தைச்சுக்கிட்டு இருந்தேங்க.”

“ஒரு நோய் கண்ணு முன்னாடி அழிஞ்சுக்கிட்டு இருக்கு. நீங்க தைச்சுக்கிட்டு இருந்தீங்களா? உங்களுக்கு ஈரமே இல்லையா?”

“ஈரம் இருந்ததாலதான் சார் குணமாயிடுச்சு” என்றார் கீழ்ப்பக்கப் பேராசிரியர் மெதுவாக.

“சரி, திரும்ப நோயை வரவழைக்க என்ன வழி?”

இரண்டு பேராசிரியர்களும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்பக்கம் தொண்டையைக் கனைத்தார்.

“நம்ம நிறுவனமே தயாரிச்சு விக்கிற பூஞ்சை மருந்தை அடிச்சுப் பார்க்கலாம் சார்.”

“அதை அடிச்சா நோய் வருமா?”

“இதுவரைக்கும் வாங்கி அடிச்ச எல்லாருக்கும் வந்திருக்கு சார். கடுதாசி போட்டிருக்காங்க.”

அன்றே அடித்தார்கள். தாராளமாக அடித்தார்கள். செம்பருத்தி அந்த வாரமே கிளைக்குக் கிளை பூத்துத் தள்ளியது. நோய் வேண்டாம் என்று அடித்தவர்களுக்கெல்லாம் நோயைக் கொடுத்த மருந்து, நோய் வேண்டும் என்று அடித்ததும் வீம்புக்கு வேலை செய்துவிட்டது.

இனி மிச்சமிருந்தது அவள் முதல்நாள் லைனிங் துணியில் சுற்றிக் கொடுத்த அந்த ஒரே இலைதான். அதைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். துறைச் செயலாளர் அம்மா நேரில் வந்து பார்த்து, புதுசு என்று ஒப்புக்கொண்டால் நிறுவனம் பிழைக்கும். இல்லாவிட்டால் வேர்.

விழாவுக்குத் தையல்காரியையும் அழைத்திருந்தார்கள். செடியின் சார்பில் முன்வரிசையில் அவளுக்கு இடம் போட்டிருந்தது. பக்கத்தில் பேராசிரியர்கள் இருவருக்கும் சமமாக முன்வரிசை. நடுவில் வெல்வெட் விரித்த மேசைமேல் நுண்ணோக்கி. தட்டைத் தூக்கி வரும் பொறுப்பு காவலாளிக்கு.

செயலாளர் அம்மா வந்தார். நல்ல உயரம், கண்ணுக்கு மை தீட்டி, இமை முடியெல்லாம் தனித்தனியாகத் தெரியும்படி அலங்காரம். இயக்குநர் எழுந்து பேசினார்.

“நம்ம நிறுவனம் தொடங்கி இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பான முடிவு சொன்னதில்ல. ஏன்னா, நாங்க எந்த முடிவும் சொன்னதில்ல. அவசரப்படுறது அறிவியலுக்கு அழகில்ல. இதோ இந்த நுண்ணோக்கியைப் பாருங்க. நான் பதவிக்கு வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு கீறல் கிடையாது. யாரும் இதுல கண்ணை வைக்க நான் விட்டதே இல்ல. ஒரு ஆராய்ச்சியாளர் தொட்டிருந்தா இவ்வளவு சுத்தமா இருக்குமா? எங்க பேராசிரியர்கள் ரெண்டு பேரும் பெரிய மேதைகள். ஒரே இலையை வெச்சு ரெண்டு பிரிவுக்கும் வேலை குடுத்தவங்க. மூணாவது பக்கம் மட்டும் இருந்திருந்தா, என் மருமகனுக்கும் ஒரு வழி பண்ணியிருப்பேன்.”

கைதட்டல் ஓய்ந்ததும் செயலாளர் அம்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

“அடடா! தெரியுது. வரிசையா, தடிப்பா, கறுப்பா இழைகள். மை பூசின மாதிரி என்ன ஒரு மினுமினுப்பு!”

மேற்பக்கப் பேராசிரியர் ஓடிவந்து பார்த்தார். “கறுப்பு இல்லைங்கம்மா. வெள்ளை வெளேர்னு இருக்கு. முதிர்ந்த பூஞ்சை!”

கீழ்ப்பக்கப் பேராசிரியர் அவரைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். “வெள்ளையுமில்ல ஒண்ணுமில்ல. அங்கொண்ணு இங்கொண்ணா கொட்டிப்போன மாதிரி இருக்கு. இதுதான் உண்மையான நிலை. சகலைக்குக் கண்ணு தெரியலை.”

“ஒரே பூஞ்சை, மூணு வடிவம்!” என்று கத்தினார் இயக்குநர். “இந்தம்மாவும் பார்க்கட்டும். பொதுஜனத்தோட சாட்சி வேணும்.”

தையல்காரி தயங்கித் தயங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு இழைகள். மெல்லிசாக, வளைவாக, ஏதோ வேலி போட்டதுபோல. பயந்துபோய்க் கண்ணைச் சிமிட்டினாள்.

“ஐயோ, அசையுதுங்க!”

“என்னது?”

“நான் கண்ணை மூடித் திறந்தா அதுவும் கூடவே அசையுது. திரும்பப் பார்க்கிறேன்… ஆமாங்க. சிமிட்டுது.”

மண்டபம் எழுந்து நின்றது. உலகத்தில் எந்தப் பூஞ்சையும் இதுவரை யாரையும் பார்த்துச் சிமிட்டியதில்லை. செயலாளர் அம்மா இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சகலைகள் இருவரும் தகராறையெல்லாம் மறந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து விம்மினார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து காவலாளியின் குரல் கேட்டது.

“சார், தட்டு கனக்குது. இலையை எப்போ சார் வைக்கணும்?”

எல்லோரும் திரும்பினார்கள். இலை அவர் கையில் இருந்த தட்டிலேயே பத்திரமாக இருந்தது. எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்று பேராசிரியர்கள் முடிவு சொல்லாததால் அவர் அங்கேயே நின்றிருந்தார். நுண்ணோக்கியின் கீழே ஒன்றுமே இல்லை.

தையல்காரி தன்னால்தான் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தாள்.

இயக்குநர் ஒரு கணம் கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் ஞானம் இருந்தது.

“இலையே இல்லாமல் வாழும் இலைப்பூஞ்சை!” என்றார்.

முதலில் கைதட்டியது செயலாளர் அம்மாதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இலையை வைக்கலை. நீ கண்ணை மூடினா அதுவும் மூடுது. அது உன் இமை முடிதானே?”

அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. “அய்யய்யோ. ஆமால்ல. நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமா?”

“சொல்லு. சொன்னா அது பூஞ்சை இல்லைன்னு ஆயிடும். அப்புறம் அவங்களுக்கு மறுபடியும் இலை வேணும். மறுபடியும் நம்ம வாசல்ல கயிறு, ஏணி, பாய்.”

அவள் நீண்ட நேரம் யோசித்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் யாரும் அவளிடம் கேள்வி கேட்கவில்லையே. கேட்டால் சொல்லலாம் என்று முடிவு செய்துகொண்டாள். யாரும் கேட்கவில்லை.

இலை தேவையில்லை என்றானதால் செடி விடுதலையானது. கயிறும் பலகையும் போயின. இலையில்லாப் பிரிவு என்று ஒன்று புதிதாகத் தொடங்கி, சகலைகள் இருவரையும் அதற்குக் கூட்டுத் தலைவர்களாகப் போட்டார்கள். இயக்குநரின் மருமகன் ஓரப் பிரிவுக்கு வந்தார். அவர் தினமும் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார். காவலாளி மட்டும் வேலையை விட்டுவிட்டு அவள் கடையிலேயே பொத்தான் தைக்கச் சேர்ந்துவிட்டார். பெண்கள் திரும்பி வந்தார்கள். பள்ளி திறந்த அன்று எல்லாப் பிள்ளைகளும் சீருடையோடு போனார்கள், ஒரு சிலருக்குக் கைநீளம் கொஞ்சம் கூட என்றாலும்.

ஒருநாள் இயக்குநரிடமிருந்து ஆள் வந்தது. உலகப் புகழ் பெற்ற அந்த நுண்ணோக்கிக்கு வெல்வெட்டில் ஒரு உறை தைக்க வேண்டுமாம். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். கழுத்து அளவு எடுத்தாள், இடுப்பு அளவு எடுத்தாள்.

“கொஞ்சம் தொளதொளன்னே தைங்கம்மா” என்றார் இயக்குநர். “நம்ம ஆராய்ச்சி வளரும்.”

“சரிங்க. பின்னாடி ஜிப் வைக்கவா? எடுத்துப் பார்க்கிறப்போ சுலபமா கழட்டலாம்.”

இயக்குநர் நுண்ணோக்கியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“ஜிப் வேண்டாம்மா. மாட்டிவிட்டு அப்படியே தைச்சு மூடிடுங்க.”